இருநூற்று நாற்பத்தேழு கஜம்

நான் சொல்லப்போவதில் சில இடங்கள் தப்பாக இருக்கலாம். அந்தச் சனிக்கிழமை என் குதிகால் எங்கே இருந்தது என்பதே இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. ஒரு விரல் முன்னாலா, ஒரு விரல் பின்னாலா என்று யோசித்து யோசித்து, நினைவில் இருப்பது நடந்ததா அல்லது நான் யோசித்ததா என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது. 1979-இல் நடந்ததும் அப்படித்தான். என் நண்பன் ஓசெல் பெட்வே மழையில் ஓடிய ஆட்டத்தன்று நான் எலரி கல்லூரி பேண்டில் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன். கடைசி ஓட்டத்தில் அவன் இடதுபக்கக் கோட்டை ஒட்டி ஓடியதாக எனக்கு நினைவு. அவன் வலதுபக்கம் என்கிறான். ஓடியவன் அவன், பார்த்தவன் நான். யாரை நம்புவது?

எண்ணில் மட்டும் சந்தேகம் இல்லை. அன்று அவன் ஓடியது இருநூற்று நாற்பத்தேழு கஜம். அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரிக் கூட்டத்துக்குள் பாய்கிற ஓட்டக்காரர்கள் எங்கள் கல்லூரிக்கு எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். ஒரே ஆட்டத்தில் அத்தனை கஜத்தை நாற்பத்து நான்கு ஆண்டுகளாக எவனும் தொடவில்லை. எங்கள் ஊரில் அவனை ஓசெல் என்று கூப்பிடுகிறவர்கள் என்னையும் சேர்த்து நாலைந்து பேர்தான். தேவாலயச் சபையில் அவன் டீக்கன், ஞாயிறுதோறும் வேதம் வாசிப்பவன். மற்ற எல்லா இடத்திலும் 'டூ ஃபார்ட்டி செவன்'. அவன் ஓட்டுகிற பள்ளிப் பேருந்தில் ஏறும் ஆறு வயதுப் பிள்ளைகூட "குட் மார்னிங் மிஸ்டர் டூ ஃபார்ட்டி செவன்" என்றுதான் சொல்லும். அவன் வீட்டு எண் 112. தபால்பெட்டியில் 247 என்று எழுதி வைத்திருந்தான். அந்தத் தெருவுக்கு முப்பது வருஷம் தபால் கொண்டுபோனவன் நான் என்பதால் ஒரு கடிதமும் தவறவில்லை. அவனுக்கு மனைவி உண்டு, மகள்கள் உண்டு, சபை உண்டு. இருந்தாலும் அந்த எண் போய்விட்டால் கண்ணாடியில் யாரைப் பார்ப்பது என்று அவனுக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

நாங்கள் மூன்று பேர் கல்லூரி ஆட்டங்களில் சங்கிலி பிடிப்பவர்கள். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரிக்குப் போய்விடும். முன்னேறினார்களா என்று சொல்வது எங்கள் பத்து கஜச் சங்கிலி. பின்முனைக் கம்பு என் கையில், முன்முனைக் கம்பு ஓசெல் கையில். பந்து இப்போது எங்கே இருக்கிறது, இது எத்தனையாவது முயற்சி என்று காட்டும் எண்பலகை ஹோசியா ரீவ்ஸ் கையில். ஆரஞ்சு அங்கி மாட்டிக்கொண்டு கோட்டோரம் நிற்போம். அங்கியை மாட்டியபின் கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, ஆட்டக்காரர்களோடு பேசக் கூடாது. நாங்கள் நடுவரின் ஆட்கள். எனக்கு இந்த வேலை பிடித்திருந்ததற்குக் காரணமே அதுதான். பத்தாயிரம் பேர் கத்தும் இடத்தில் பேசாமல் இருக்கச் சொல்லி ஒரு கம்பையும் கொடுக்கிறார்கள். ஓசெலுக்கு அது உண்ணாவிரதம் மாதிரி. பேச வேண்டியதையெல்லாம் காலையிலேயே பேசிவிட்டு வருவான்.

பேசும் இடம் மிஸ் வெர்லீன் கடை. ஆட்டநாள் காலையில் பொரித்த கெளுத்தி மீனும் சூடான ரொட்டி மாதிரியான பிஸ்கட்டும் சோளக் கஞ்சியும் வைத்துக்கொண்டு, எந்த ஓட்டக்காரன் பெரியவன் என்று ஆரம்பிப்பார்கள். அன்று பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் நாள். கடையில் கல்லூரியின் ஊதா நிறம் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

"இந்தக் காலத்துப் பசங்க ஓடுறாங்களா?" என்றான் ஓசெல். "புல்லை முடி வெட்டுற கடையில குடுத்து வெட்டின மாதிரி வெச்சிருக்கு. எங்க காலத்துல முழங்கால் வரைக்கும் சேறு."

"போன வாரம் கணுக்கால்னு சொன்ன," என்றான் ஹோசியா.

"போன வாரம் எனக்கு மறதி."

மிஸ் வெர்லீன் காபிக் குடுவையோடு வந்தார். எழுபது வயது. அந்த 1979-லேயே கடை வைத்திருந்தவர். "டீக்கன், அன்னைக்கு அந்த எதிர் டீமோட பஸ்ஸு மான்ட்கோமரி பக்கத்துல நின்னுபோச்சு. பாதிப் பேர்தான் வந்து சேந்தாங்க. வந்தவங்களும் பட்டினி. அதையும் சேத்துச் சொல்லணும்ல?"

"பட்டினி கிடக்குறவன்தான் மிஸ் வெர்லீன் வேகமா துரத்துவான்!"

கடையே சிரித்தது. எண்பத்தெட்டில் ஓடிய கேட்டோ ஹார்குரோவ் பேருந்தைத் தவறவிட்டவன் மாதிரி ஓடுவான் என்றார்கள். தொண்ணூற்றாறில் ரேனார்ட் ஸ்பைவி அழகாக ஓடுவான், ஆனால் பந்தைக் கீழே போட்டுவிட்டு ஓடுவான் என்றார்கள். பிறகு இப்போதைய இருவரிடம் வந்தார்கள். உருவத்தில் பெரியவன் லமார் ஹக்கபி, குளிர்ப்பெட்டி மாதிரி இருப்பான். சின்னவன் கீஷான் டப்ஸ், தண்ணீரில் முக்கி எடை பார்த்தாலும் எண்பது கிலோ தாண்டாது.

"டப்ஸ்தான் எல்லாரையும்விட பெரியவன்," என்றான் ஹோசியா. "உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

"அவனா? பந்தை வாங்கினதும் அவன் என்ன பண்றான் பாத்தியா? நிக்கிறான்! ஓடுறதுக்குன்னு வந்தவன் எதுக்குடா நிக்கணும்? யாராவது கதவு தொறந்து விடுவாங்கன்னு காத்துக்கிட்டு நிக்கிறான். நான் கதவை ஒடைச்சவன்."

"எவெரெட் சொல்லட்டும். ரெண்டு பேரையும் பாத்தவன் அவன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிஸ்கட்டைப் பார்த்தேன்.

"விடுப்பா," என்றார் மிஸ் வெர்லீன். "இவன்கிட்ட இப்ப கேட்டா அடுத்த ஈஸ்டருக்குத்தான் பதில் வரும்."

எனக்குப் பதில் இருந்தது. சொல்லும் தைரியம்தான் இல்லை. ஓட்டக்காரர்களை நான் காதால் அறிவேன். கோட்டிலிருந்து ஆறடி தள்ளி இருபத்தாறு வருஷம் நின்றால் காலடிச் சத்தம் பழகிவிடும். லமார் வந்தால் தரை அதிரும். மற்றவர்கள் வந்தால் ஒரே சீராகத் தட்டும். டப்ஸ் நிற்கும்போது சத்தமே இருக்காது. பிறகு மூன்று தட்டு, வேகமாக. அதற்குள் அவன் என்னைத் தாண்டியிருப்பான். கூட்டத்தின் நடுவில் அப்படி ஒரு கணம் மௌனமாக நிற்பவனை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஆட்டம் பிற்பகல் இரண்டு மணிக்கு. டென்னஸியிலிருந்து வந்த அணி நல்ல அணி. நாலு பாகத்தில் மூன்று முடிந்தபோது நாங்கள் பதினேழு, அவர்கள் இருபது. டப்ஸின் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஓசெல் உதட்டை அசைப்பான், வாய்க்குள் கூட்டுவான். இடைவேளையில் என் பக்கம் வந்து தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னான்:

"நூத்தி எண்பத்தெட்டு ஆயிடுச்சு எவெரெட்."

"யாருக்கு?"

"யாருக்கா? என் மாமியாருக்கு!" அவன் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு பாகம் முழுசா கிடக்கு."

அவன் தண்ணீர்க் குவளையை நசுக்கிக்கொண்டே நின்றான்.

நான்காம் பாகம் பாதி ஓடியபின் பந்து எங்கள் பக்கக் கடைசிக் கோட்டிலிருந்து முப்பத்தோராவது கஜத்தில் இருந்தது. என் கம்பை ஊன்றி இடது குதிகாலை அதற்குப் பக்கத்தில் வைத்தேன். கோடு போடும்போது யாரோ சுண்ணாம்பு சிந்தியிருந்தார்கள், ஒரு கையளவு. அதன் விளிம்பில் குதிகால். டப்ஸ் நாலு கஜம் ஓடினான். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

அடுத்ததும் அவனுக்கே கொடுத்தார்கள். வாங்கினான், நின்றான், காணவில்லை. மறுபடி கண்ணில் பட்டபோது எங்கள் பக்கக் கோட்டோரமாக வந்துகொண்டிருந்தான், முன்னால் ஒருவரும் இல்லை. அவன் ஓசெலைத் தாண்டிய அதே நொடியில் என் கையிலிருந்த கம்பு பிடுங்கிக்கொண்டு போயிற்று. கம்போடு நானும் குப்புற விழுந்து மூன்று அடி இழுபட்டேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். அறுபத்தாறு வயது ஓசெல் பெட்வே ஆரஞ்சு அங்கியோடு ஓடிக்கொண்டிருந்தான். ஒரு கையில் கம்பு, பின்னால் பத்து கஜச் சங்கிலி, அதன் வாலில் என் கம்பு, கல்யாணக் காருக்குப் பின்னால் கட்டிய டப்பாக்கள் போலச் சத்தமிட்டுக்கொண்டு. "ஓடு மகனே! பின்னாடி பாக்காத! ஓடு!" என்று கத்தினான். முப்பது கஜமாவது ஓடியிருப்பான். டப்ஸ் கடைசிக் கோட்டைத் தாண்டினான். அறுபத்தைந்து கஜம். கூட்டினால் இருநூற்று ஐம்பத்தேழு. ஓசெலுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. ஓடும்போதே கூட்டியிருப்பான். கூட்டிக்கொண்டேதான் ஓடினான்.

பிறகு எல்லோரும் தரையில் கிடந்த மஞ்சள் துணியைப் பார்த்தார்கள், தவறு நடந்தால் நடுவர் வீசுவது. எங்கள் முன்வரிசைப் பையன் ஒருவன் எதிராளியின் சட்டையைப் பிடித்து நிறுத்தினானாம். ஓட்டம் செல்லாது. பத்து கஜம் அபராதம். பந்து பின்னால் போக வேண்டும்.

ஓசெலின் எண் பிழைத்துவிட்டது. நானாக இருந்தால் பேசாமல் திரும்பி நடந்திருப்பேன். ஓசெல் சங்கிலியை இழுத்துக்கொண்டே நேராகக் கோட்டு நடுவரிடம் வந்தான்.

"அதுவா பிடிச்சது? அது பேரு பிடிக்கிறதா? என் பெண்டாட்டி சர்ச் வாசல்ல என்னை அதைவிட இறுக்கிப் பிடிப்பா!"

கோட்டு நடுவர் அமைதியான மனிதர். ஓசெலை மேலும் கீழும் பார்த்தார். "சார், என் சங்கிலி முப்பத்தொண்ணுல இருக்கணும். அது ஏன் அந்தப் பக்கத்து முப்பத்தஞ்சுல இருக்கு?"

பார்வையாளர் மேடைகள் முழுக்கச் சிரிப்பு. ஓசெல் கையிலிருந்த கம்பைப் பார்த்தான், பின்னால் நீண்டு கிடந்த சங்கிலியைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது என்று நினைக்கிறேன்.

"அங்கியைக் குடுத்துட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போயிடுங்க சார்."

இருபத்தாறு வருஷத்தில் எங்களில் யாரும் வெளியேற்றப்பட்டதில்லை. ஓசெல் அங்கியைக் கழற்றி மடித்தான். யாரிடம் கொடுப்பது என்று நின்றான். வேலியோரம் மீன் தட்டு விற்றுக்கொண்டிருந்த மிஸ் வெர்லீன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து அதை வாங்கினார். ஊதாத் தொப்பியைக் கழற்றாமலே தலைவழியாக மாட்டிக்கொண்டார்.

"கம்பு பிடிக்க காலேஜ் படிக்கணுமா என்ன?" என்று நடுவரைக் கேட்டார். அவர் போய் நிற்கும்படி தலையாட்டினார்.

இப்போது சிக்கல் என்னிடம் வந்தது. ஹோசியா பலகையோடு அசையாமல் நின்றதால் பந்தின் இடம் தெரிந்தது. ஆனால் சங்கிலியில் அடையாளத்துக்குப் போட்டிருந்த கொக்கி இழுபட்டதில் எங்கோ விழுந்துவிட்டது. பத்து கஜம் எங்கே தொடங்கியது என்பதைக் காட்ட என் குதிகால்தான் மிச்சம்.

"உங்க கம்பு சரியா எங்க இருந்துச்சு?" என்றார் நடுவர்.

"சுண்ணாம்பு சிந்தின இடத்தோட விளிம்புல."

"எங்க அந்தச் சுண்ணாம்பு?"

அதில் பாதி என் கால்சட்டையில் ஒட்டியிருந்தது. நான் விழுந்ததே அதன்மேல்தான். மிச்சம் புல்லில் தேய்ந்து ஒரு முழ நீளத்துக்குப் பரவியிருந்தது. நான் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேடையில் யாரோ "அடுத்த ஈஸ்டர்!" என்று கத்தினார்கள். கண்ணை மூடினேன், குதிகாலை வைத்தேன், கம்பை ஊன்றினேன். என் காலே அந்த இடத்தைத் தெரிந்து வைத்தது என்று அப்போது நம்பினேன். எங்கள் பக்கம் கொஞ்சம் தாராளமாக வைத்ததா என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன்.

எங்கள் பையன்கள் ஒரு முறை பந்தை எறிந்து ஒன்பது கஜம் எடுத்தார்கள். மூன்றாம் முயற்சியில் டப்ஸ் கூட்டத்துக்குள் விழுந்தான். எழுந்தபோது பத்து கஜம் ஆயிற்றா என்று யாருக்கும் தெரியவில்லை. அளக்கச் சொன்னார்கள். நானும் மிஸ் வெர்லீனும் சங்கிலியோடு மைதானத்துக்குள் போனோம்.

"இழு எவெரெட், நல்லா இழு. பிஸ்கட் மாவா இது, பயப்படுறே?"

இழுத்தோம். பந்தின் மூக்கு கம்பைத் தாண்டி இருந்தது, என் சுண்டுவிரல் அகலம். முன்னேறிவிட்டார்கள் என்று நடுவர் கையை நீட்டினார். மைதானம் எழுந்து நின்றது. நான் என் கால்சட்டையின் சுண்ணாம்பைப் பார்த்தேன்.

அதன்பிறகு நடந்ததை நான் தெளிவாகவே கேட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஓசெலுக்கு அங்கி இல்லை, தடை இல்லை. இருபத்தாறு வருஷமாக அடக்கி வைத்த தொண்டை திறந்துவிட்டது.

"நூத்தித் தொண்ணூத்தி ஒம்பது!"

டப்ஸ் அடுத்து ஓடினான். "இருநூத்திப் பத்து!" பிறகு, "இருநூத்தி இருபத்தொம்பது!" மேடையில் இருந்தவர்களுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஒவ்வொரு வரிசையாக அவன் பக்கம் திரும்பியது.

அவனோடு படித்த ஒருவர் மேலிருந்து கத்தினார்: "டூ ஃபார்ட்டி செவன்! வாயை மூடுய்யா! உன் நம்பரை நீயே ஏலம் போடுறியே!"

"நாப்பத்துநாலு வருஷம் வெச்சிருந்தேன், ஒரு காபிகூட யாரும் சும்மா குடுக்கல!"

கோட்டோரம் நின்ற மிஸ் வெர்லீன் விருட்டென்று திரும்பினார். "நன்றி கெட்டவனே, உனக்கு எத்தனை..." நடுவர் அவரைப் பார்த்தார். மிஸ் வெர்லீன் வாயை மூடிக்கொண்டு கம்பைப் பார்த்தார். அவர் வாயை மூடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"இருநூத்தி நாப்பது!"

பந்து எதிரியின் பதினெட்டாவது கஜத்தில். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். டப்ஸ் இடுப்பில் கைவைத்துக் குனிந்தபடி வெளியே வந்தான். லமார் உள்ளே போனான். பயிற்சியாளர் செய்தது சரிதான். களைத்தவனை எடுத்துவிட்டுப் புதியவனை விடுவது. அவருக்குக் கணக்குத் தெரியாது. மைதானத்துக்குள் இருந்த யாருக்கும் தெரியாது. சும்மா இருந்தால் போதும். எண் ஓசெலிடமே இருந்துவிடும்.

நான் அவனைப் பார்த்தேன். வேலியின் மேற்கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அங்கி இல்லாமல் அவன் அப்படி மௌனமாக இருந்து நான் பார்த்ததில்லை.

பிறகு வேலியோரமாகவே பயிற்சியாளர் நிற்கும் இடம்வரை நடந்தான்.

"கோச்! அந்தச் சின்னவனை உள்ள விடுங்க! எட்டு கஜம்! எட்டே எட்டு!"

பயிற்சியாளர் திரும்பினார். "எதுக்கு எட்டு சார்?"

"என்னைத் தாண்டுறதுக்கு!"

பயிற்சியாளர் அவனையே பார்த்தார். அவரும் எலரியில் படித்தவர். யார் நிற்பது என்று அவருக்குத் தெரியும். ஆட்டத்தை நிறுத்தும்படி கையால் சைகை காட்டினார், டப்ஸின் தோளைத் தட்டினார். லமார் ஓடி வெளியே வந்தான், முகமெல்லாம் பல். டப்ஸ் உள்ளே போனான்.

பந்தை வாங்கினான். நின்றான். காலையில் திட்டு வாங்கிய அதே நிற்றல். வேலியிலிருந்து ஓசெலின் குரல் கேட்டது, கத்தல் இல்லை, குதிரையிடம் பேசுவது போல:

"நில்லு... நில்லு... கதவு தொறக்குது... நில்லு... இப்போ!"

மூன்று தட்டு. அவ்வளவுதான் நான் கேட்டேன். பதினெட்டு கஜம். கடைசிக் கோடுவரை அவன்மேல் ஒருவர் கைகூடப் படவில்லை. நாங்கள் ஜெயித்தோம். இருநூற்று ஐம்பத்தெட்டு.

அங்கி போட்டிருந்தேன் என்பதை மறக்கவில்லை. ஆனாலும் கைதட்டினேன். ஒரு முறை. நடுவர் பார்க்கவில்லை, அல்லது பார்க்காதது போல இருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் டப்ஸ் வேலிக்கு வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றியிருந்தான். இன்னும் மூச்சு வாங்கியது. "சார், நீங்கதான் டூ ஃபார்ட்டி செவனா?"

"இருந்தேன்," என்றான் ஓசெல். குரல் போயிருந்தது. "கோட்டோரமா ஓடும்போது பந்தை வெளிக்கையில பிடி. உள்கையில பிடிச்சிருந்த. எவனாவது தட்டியிருந்தா என்ன ஆகும்?"

"சரிங்க சார். சார், அந்த செல்லாமப்போன ஓட்டத்துல எனக்குப் பின்னாடி பெரிய சத்தம் கேட்டுது. எவனோ இரும்போட துரத்துறான்னு நெனச்சேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு வேகமா ஓடினதில்ல."

ஓசெல் சிரிக்க ஆரம்பித்தான். வேலியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். பையனும் சிரித்தான். ஹோசியா வந்து என்ன என்று கேட்டான். இருவருக்கும் சொல்ல முடியவில்லை.

வாகனங்கள் நிறுத்தும் இடத்துக்கு நடந்தபோது ஓசெலிடம் சொன்னேன். "என் குதிகால். சரியா வெச்சேனான்னு தெரியல. ஒரு விரல்தான் வித்தியாசம். அங்க தவறியிருந்தா ஒரே ஒரு முயற்சிதான் மிச்சம், அதுவும் போயிருந்தா பந்து அவங்களுக்கு."

அவன் நின்றான். "எழுபத்தொம்பதுல மழையில என் கஜத்தை எழுதினவன் யாருன்னு தெரியுமா? வெர்லீனோட தம்பி. கண்ணாடியை வீட்டுல வெச்சிட்டு வந்தவன். நான் நிஜமா எவ்வளவு ஓடினேன்னு கடவுளுக்குத்தான் தெரியும். விடு எவெரெட். வா, பசிக்குது."

மிஸ் வெர்லீன் கடையில் அன்று அவனுக்கு எல்லாம் இலவசம். சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் நன்றி கெட்டவன் என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கீஷான் டப்ஸ் இன்னும் ஒரு வருஷம் ஆடினான். முழங்கால் வலி வந்து நிறுத்திவிட்டான். இப்போது பர்மிங்காமில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான். லமார் ஹக்கபி படித்து முடித்துவிட்டு அப்பாவின் லாரிகளைப் பார்த்துக்கொள்கிறான். பயிற்சியாளர் பெரிய கல்லூரி ஒன்றுக்குப் போய்விட்டார். மிஸ் வெர்லீன் அடுத்த பருவம் முழுவதும் முன்முனைக் கம்பைப் பிடித்தார், பிறகு இடுப்பு வலி என்று விட்டுவிட்டார். இப்போது ஹோசியாவின் மருமகன் பிடிக்கிறான். ஹோசியா இன்னும் பலகையோடு நிற்கிறான், நான் பின்முனையில். ஓசெல் பேருந்து ஓட்டுகிறான். அங்கியைத் திரும்பக் கேட்கவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேடையில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கத்துகிறான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் குரல் இருப்பதில்லை; சபையில் அவனுக்குப் பதிலாக வேறொருவர் வேதம் வாசிக்கிறார்.